நாலு விரல் குறைந்த கயிறு

போன மாதம் அஜக்ஸ் மண்டபத்தில் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வந்திருந்து, மாமா மைக்கைப் பிடித்துச் சொன்ன ட்ரக் பகிடிக்கு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் ஒரே காலத்தில் ரொறொன்ரோவின் ஸ்காபரோ அப்பார்ட்மென்ற்களில் வளர்ந்தவர்கள். ஒரே லிஃப்றில் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் விழுந்த அடி அடுத்த வீட்டில் சுவரில் காது வைக்காமலே கேட்டது. இப்போது உங்களுக்கு முழங்கால் நோகிறது, எனக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. இந்த வயதிலாவது அந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

"கோயில் வாசலிலை எலுமிச்சம்பழம் நசிக்கச் சொன்னா, மருமோன் தூணையெல்லோ நசிச்சவன்!" இதுதான் மாமா சொன்ன பகிடி. நல்ல பகிடிதான். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே பகிடியைச் சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதரைக் குறை சொல்ல முடியாது.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் அப்பாவுக்கு இரண்டு லொறிகள் இருந்தன. ஒன்று எரிந்து போனது, மற்றதைப் பறித்துக்கொண்டு போனார்கள். ரொறொன்ரோவுக்கு வந்தபின் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் நின்று சட்டி கழுவினார். கழுவிய கை காயமுன்னே வீட்டுக்கு வந்து எங்களுக்கு அடித்தார். அம்மாவுக்கும் எனக்கும் அடித்துவிட்டு மறந்துவிடுவார். அண்ணாவுக்கு அடிக்கும்போது மட்டும் பொறுப்பெடுத்த வேலையை முடிக்கிற மாதிரி நிதானமாக அடிப்பார். அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது, அப்பாவைவிட அரைத் தலை உயரம். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு அண்ணா எப்போதும் முழுக்கைச் சட்டையோடுதான் போவான்.

அது பனிக்காலம் தொடங்குகிற நேரம். ஒரு பின்னேரம் அம்மா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மாமி மறுபக்கத்தில் அழுவது எனக்கே கேட்டது.

"ஆளுக்கு ஒண்டுமில்லைத்தானே? வண்டி போனாப் போகட்டும்," என்றார் அம்மா. பிறகு என்னைக் கண்டு, "உங்கை என்ன விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய்ப் படி," என்று விரட்டினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாங்கள் கனடாவுக்கு வந்து முதல் வருடம் அவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில்தான் இருந்தோம். அவரிடம் ஒரு பழைய நீல நிற பிக்கப் ட்ரக் இருந்தது. அந்தத் தொலைபேசி வந்து இரண்டு மாதத்தில் அதை விற்கப்போவதாகச் சொன்னார். தமிழ்ச் சனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறிக்கொண்டிருந்த காலம். சாமான் ஏற்றி இறக்கினால் சட்டி கழுவாமல் பிழைக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். மாமாவின் வாசலில் ட்ரக் பனி மூடிக் கிடந்தது. அப்பா பொனற்றைத் திறந்து எஞ்சினை மட்டும் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்க்கப் பனி விடவில்லை. மச்சானின் வண்டியை அப்படிக் குனிந்து பார்ப்பது மரியாதையும் இல்லை. "இரும்பைக் கண்ணாலை ஒருக்காப் பாத்தாக் காணும், எனக்குத் தெரியும்," என்பது அப்பாவின் வாய்ப்பாடு.

எங்கள் கோயில் அப்போது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருந்தது. ஒரு பக்கம் கம்பளக் கடை, மறுபக்கம் சைலன்சர் மாற்றுகிற கராஜ். வண்டிகள் கதவை இடிக்காமலிருக்க வாசலில் மஞ்சள் பூசிய இரும்புத் தூண்கள் நின்றன. அப்பா ட்ரக்கை வாங்கியதும் அங்கே வைத்த பூசைக்கு அதை மாமாவே ஓட்டிவந்தார். வண்டியின் முகம் முழுவதையும் மூடி ஒரு பெரிய மாலை தொங்கியது. செவ்வந்தியும் மாவிலையும் பம்பருக்குக் கீழேவரை வழிந்தன. "அத்தான், மாலை என்ரை செலவு," என்று சிரித்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவருடைய பெரிய மனதைப் புகழ்ந்தார்கள்.

ஐயர் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். இனி வண்டி அவற்றை நசித்துக்கொண்டு ஒரு முழம் முன்னே போகவேண்டும். அப்பா ஏறவில்லை.

"எனக்கு ஏழரைச் சனி நடக்குது. முதல் உருட்டு என்ரை கையாலை வேண்டாம். மூத்தவன் உருட்டட்டும்."

அண்ணா அப்போதுதான் கார் பழகத் தொடங்கியிருந்தான். "அப்பா, நிலமெல்லாம் ஐஸாக் கிடக்கு," என்றான்.

"உருட்டடா எண்டா உருட்டு."

அண்ணா உருட்டினான். எலுமிச்சம்பழம் பிதுங்கியது, சில்லு வழுக்கியது, ட்ரக் ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் போய் மஞ்சள் தூணில் முட்டி நின்றது. சட்டி விழுந்த அளவு சத்தம்கூட வரவில்லை. ஆனால் மாலை அறுந்து கீழே விழுந்தது. பம்பரின் ஒரு முனை சில்லோடு ஒட்டிக்கொண்டு நிற்க, மறுமுனை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நாங்கள் அந்தப் பம்பரைப் பார்த்ததே அப்போதுதான். அதனால் அது வளைந்ததும் அப்போதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம்.

அப்பா கதவைத் திறந்து அண்ணாவைத் தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார். முதல் அறையில் அண்ணாவின் நெற்றிச் சந்தனம் தெறித்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. மூன்றாவதில் அவன் ஐஸில் விழுந்தான், விழுந்தவனை அப்பா பூட்ஸ் காலால் உதைத்தார். ஐயர் கற்பூரத் தட்டோடு நின்றபடியே நின்றார். யாரோ, "விடுங்கோ அண்ணை, பெடியன்தானே," என்றார்கள். மாமா தலையில் கைவைத்து, "என்ன வேலையடா செய்துபோட்டாய், மருமோனே!" என்றார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து பூப் பொறுக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பம்பருக்கே போயின. எங்கள் கட்டடத்தில் வண்டி திருத்த விடமாட்டார்கள் என்பதால் கோயிலுக்குப் பின்னால் இருந்த வெளியில் வைத்து அப்பா திருத்தினார். அப்பாவிடம் ஒரு பெரிய சுத்தியல் இருந்தது. பிடி உடைந்து பச்சை நிற ஒட்டு ரேப் சுற்றியது. பம்பரைக் கழற்றி நிலத்தில் போட்டு அதனால் அடிப்பார். அந்த அடி பல்லுக்குள் கூசும். அடித்து நேராக்கி, கண்ணை ஒடுக்கிப் பார்த்து, "இப்ப சரி," என்று வண்டியில் பூட்டுவார். பூட்டியதும் அதே கோணல். கழற்றி நிலத்தில் வைத்தால் நேர், பூட்டினால் கோணல். அப்படியென்றால் கோணல் எங்கே இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையான எனக்கே கேட்கத் தோன்றியது. எங்கள் வீட்டில் கேள்வி கேட்டவருக்குத்தான் முதல் அடி என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறை கோணலானதும் அப்பா திரும்பி அண்ணாவைத் தேடுவார். கையில் என்ன இருக்கிறதோ அதுதான். ஒரு நாள் ரப்பர் குழாய், ஒரு நாள் ஸ்பானர், ஒரு நாள் ஒன்றுமே கிடைக்காமல் தன் தொப்பியைக் கழற்றி அதனால் முகத்தில் விளாசினார். அம்மா ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். மாமாவும் தவறாமல் வருவார். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "வலப்பக்கம் இன்னும் ரெண்டு போடுங்கோ, அத்தான்," என்று புத்தி சொல்வார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த ஆளின் வாயில் அந்தச் சிகரெட்டோடு சேர்த்து ஒன்று கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு ஞாயிறு அப்பா வண்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, பம்பரைச் சங்கிலியால் அந்த மஞ்சள் தூணோடு கட்டினார். ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்தால் துருத்திய பக்கத்தைத் தூண் இழுத்து நேராக்கும் என்பது திட்டம். சங்கிலி இறுகி முனகியது. பிறகு அறுந்தது. அறுந்த முனை அண்ணாவின் காதை உரசிக்கொண்டு பறந்துபோய் ட்ரக்கின் முன் கண்ணாடியை நொறுக்கியது. அப்பா கண்ணாடித் துண்டுகளை மடியிலிருந்து தட்டிவிட்டு இறங்கி வந்தார். "ஏன்டா உதிலை நிண்டனி?" என்று கேட்டு, சங்கிலி தவறவிட்ட அதே காதில் அறைந்தார்.

அண்ணாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே பாடம் கார் திருத்துகிற வகுப்பு. அடுத்த வாரம் பம்பரைப் பற்றி அங்கே கேட்டுப் படித்துக்கொண்டு வந்தான். வண்டி முழுவதையும் தாங்குவது அடியில் நீளமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். அப்பா அதைச் சேசிஸ் என்பார், அண்ணா பிரேம் என்பான். அந்த ஞாயிறு அப்பா ட்ரக்கின் முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, முன்சில்லு இரண்டையும் கழற்றி வைத்திருந்தார். பூசை முடிந்த சனம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. அண்ணா கோயிலில் தோரணம் கட்டி மிஞ்சிய கயிற்றை எடுத்துவந்தான்.

"தங்கச்சி, இந்த நுனியைப் பிடி. விட்டிடாதை."

நான் சட்டத்தின் பின்பக்க மூலையில் பிடித்தேன். அவன் கயிற்றை வண்டிக்குக் கீழாகக் குறுக்கே இழுத்து, எதிர்ப்பக்கத்து முன்மூலையில் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். பிறகு நாங்கள் இருவரும் பக்கம் மாறி, மற்றக் குறுக்கை அளந்தோம். சட்டம் நேராக இருந்தால் முடிச்சு அங்கேயும் மூலையில் வந்து நிற்கவேண்டும். நிற்கவில்லை. எவ்வளவு இழுத்தாலும் நாலு விரல் குறைந்தது.

"அப்பா, பம்பரிலை பிழையில்லை. பிரேம்தான் முறுகிப் போச்சு. தூணிலை முட்டினதுக்கு உது வளையாது."

"ஆர் சொன்னது?"

"கயிறு சொல்லுது."

"ரெண்டு லொறி வைச்சு ஓடினவன் நான். எனக்குக் கயிறு சொல்லித் தரப்போகுதோ?"

"கீழை பூந்து பாருங்கோ. சில்லுக்குப் பின்னாலை ஒரு மடிப்பு இருக்கு. புதுசாக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கு. சுரண்டினா உள்ளுக்கெல்லாம் கறள். ஒரு மாசத்திலை அப்பிடிக் கறள் பிடியாது."

மாமாவின் சிகரெட் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. அப்பா ரோர்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மல்லாந்து வண்டிக்குக் கீழே போனார். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணா ஜாக்குக்குப் பக்கத்தில் நின்றான். நின்றபடி அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, மாமா உதை எங்கையோ இடிச்சவர். உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்கு அந்த நேரத்தில்தான் வெங்காயமும் தொலைபேசியும் மாமியின் அழுகையும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அம்மா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இனி அண்ணாவுக்கு அடி விழாது என்று நினைத்தேன். அம்மா ஃபிளாஸ்கின் மூடியைத் திருகினார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடியைத் திரும்பத் திரும்பத் திருகினார்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கத்தானே நீ கொண்டுபோய் இடிச்சனி."

அண்ணாவின் கை ஜாக்கின் பிடியில் போய் நின்றது. அதைத் திருகினால் வண்டி ஒரே மூச்சில் இறங்கிவிடும், கீழே சில்லுகூட இல்லை. எல்லோரும் கண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. "டேய், மருமோனே," என்று மாமா மெல்லிய குரலில் சொன்னார். நான் கயிற்றின் நுனியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கையை எடுத்து ஜாக்கெற் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்பா வெளியே வந்தார். அவருடைய விரல் நுனிகளில் கறுப்புப் பெயின்றும் கறளின் சிவப்புத் துருவும் ஒட்டியிருந்தன. சுரண்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். அவர் மாமாவைப் பார்த்தார். இனி அடி மாமாவுக்குத்தான் என்று நான் நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், இரண்டடி பின்னுக்குப் போனார். அப்பா சுற்றி நின்ற கோயில் சனத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சில்லு கழற்றுகிற இரும்பை நிலத்திலிருந்து எடுத்து அண்ணாவின் தலையைப் பார்த்து ஓங்கி அடித்தார். அண்ணா இடக்கையைப் பையிலிருந்து எடுத்து மறித்தான். மணிக்கட்டு உடைந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பச்சைத் தடி முறிகிற சத்தம் அது.

"தன்ரை பிழையை மறைக்க இரும்பிலை குற்றம் பிடிக்கிறாராம்!" என்று அப்பா உரத்துச் சொன்னார். சனத்துக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னார்.

ஏன் என்று எனக்கு விளங்கவே பல வருடங்கள் எடுத்தன. மாமாவுக்கு அடித்திருந்தால், இரும்பைக் கண்ணால் அறிகிற மனிதர் மச்சானிடம் ஏமாந்தது ஊருக்கே தெரிந்திருக்கும். அண்ணாவுக்கு அடித்தால் அண்ணாவுக்கு மட்டும்தான் நோகும். அம்மாவின் கணக்கும் அதே கணக்குத்தான். இந்த நாட்டில் அவருக்குப் பிறந்தவீட்டு உறவென்று இருந்தது அந்தத் தம்பி ஒருவர். உண்மை தெரிந்தால் அப்பா தம்பியைக் கொன்றுவிடுவார், மகனைக் கொல்லமாட்டார், அடிப்பார் மட்டும் என்று நினைத்தார். அப்பாவைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிடலாம். அம்மா போட்ட அந்தக் கணக்கை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அண்ணாவைத் தனியாகப் பார்த்து எப்படி நடந்தது என்று கேட்டார். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பம்பர் கையில் விழுந்துவிட்டது என்று அண்ணா ஆங்கிலத்தில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. டொக்டர் திரும்பவும் கேட்டார். அண்ணா திரும்பவும் அதையே சொன்னான். அம்மாவின் வாயிலிருந்து தலைப்பு நழுவியது, பெரிதாக மூச்சு விட்டார்.

அப்பா அதற்குப் பிறகு பம்பரைத் தொடவில்லை. கோணலோடே இரண்டு வருடம் சாமான் ஏற்றினார். உங்களில் பாதிப் பேரின் சோபாவும் கட்டிலும் அந்த ட்ரக்கில்தான் போயின. பம்பர் என்ன இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மூத்தவன் கோயிலிலை கொண்டுபோய் இடிச்சவன்," என்று சொன்னார். உண்மை தெரிந்த பிறகும் சொன்னார். சொல்லிச் சொல்லி அது பகிடியாகி, கடைசியில் மாமாவின் சொத்தாகிவிட்டது. அந்தச் சுத்தியலும் கயிறும் எங்கே போயின என்று தெரியாது.

அண்ணா பதினெட்டு வயதானதும் ஒரு பையோடு பிறம்ரனுக்குப் போய்விட்டான். முதலில் வேர்ஹவுஸ் வேலை, பிறகு பெரிய ட்ரக் ஓட்டம். இன்றும் ஓட்டுகிறான். குளிர் காலத்தில் இடக்கையால் கோப்பை பிடிக்கமாட்டான். தன் பிள்ளைகளுக்கு ஒரு தட்டுக்கூடத் தட்டியதில்லை. ஒவ்வொரு முறை வண்டி எடுக்குமுன்னும் அடியில் குனிந்து பார்ப்பான்.

இனி அஜக்ஸ் மண்டபம். மாமா பகிடியை முடித்தார், நீங்கள் சிரித்தீர்கள், மேடையில் அப்பா காதுக் கருவியைத் தட்டிக்கொண்டு எல்லோரும் சிரிப்பதற்காகத் தானும் சிரித்தார். எங்கள் மேசையில் அம்மா, அண்ணா, அண்ணாவின் மகள், நான். மகளுக்கு இந்தக் கதை புதிது.

"வெயிற், அப்பா, சீரியஸா? நீங்களா அதை இடிச்சது?"

அண்ணா புரியாணியைக் கிளறிக்கொண்டே, "ஓம், நான்தான்," என்றான். ஆஸ்பத்திரியில் டொக்டருக்குச் சொன்ன அதே குரல்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். மைக்கைப் பறிக்கிற எண்ணம்தான். அதற்குள் அம்மா பேத்தியின் கையைப் பிடித்தார்.

"இல்லைப் பிள்ளை. உன்ரை அப்பா இடிக்கேல்லை. அது முதலே வளைஞ்சுதான் கிடந்தது. எனக்கு அப்பவே தெரியும்."

நீங்கள் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள், கேக் வெட்டுகிற பாட்டும் தொடங்கிவிட்டது. உங்களில் ஒருவருக்கும் இது கேட்டிருக்காது. எங்கள் மேசையில் மட்டும்தான் கேட்டது. அதனால்தான் எழுதவேண்டி வந்தது.

அண்ணா கரண்டியை வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாம், அம்மா."

பிறகு தண்ணீர்க் கோப்பைக்கு இடக்கையை நீட்டி, நினைவு வந்து, வலக்கையால் எடுத்துக் குடித்தான்.